சரித்திர நாவலாசிரியர்களுக்கு: அந்த எல்லைக் கோட்டை அழித்துவிடுங்கள்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். தமிழில் சரித்திர நாவல் எழுதுகிறவர்கள், கற்பனை ராஜ்ஜியங்களை வைத்துக் கதை சொல்கிறவர்கள், அந்தக் கதைகளுக்கு முன்பக்க வரைபடம் போட்டுத் தருகிற ஓவியர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். பள்ளி நாட்களிலிருந்து உங்கள் வகை எழுத்தை விடாமல் படித்து வருகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் ராஜ்ஜியங்களைச் சுற்றிப் போடும் எல்லைக் கோட்டை எடுத்துவிடுங்கள்.

எந்தக் கோட்டைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். புத்தகத்தைத் திறந்ததும் வருகிற வரைபடத்தில் சோழ நாடு ஒரு நிறம், பாண்டிய நாடு இன்னொரு நிறம், நடுவில் அழுத்தமாக ஒரு கறுப்புக் கோடு. கதைக்குள் போனால் நாயகன் இரவோடு இரவாகக் குதிரையில் எல்லையைக் கடக்கிறான். அங்கே ஒரு காவல் சாவடி, வேல் பிடித்த வீரர்கள், முத்திரை மோதிரத்தைக் கண்டதும் வழிவிடும் தலைவன். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் நம் ஆள், அந்தப் பக்கம் இருப்பவன் பகைவன். இது வாகா எல்லையின் படம். பத்தாம் நூற்றாண்டின் படம் அல்ல.

கதைதானே, இதில் என்ன குறைந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். நிறையக் குறைகிறது. அந்தக் காலத்தின் மிக நல்ல கதைகள் எல்லாம் அந்தக் கோட்டின் அடியில் மூடிக் கிடக்கின்றன. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, கோட்டைப் போட்ட பிறகு அதன் இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்ந்த மனிதர்களை நாம் துரோகிகள் ஆக்கிவிடுகிறோம் என்பது.

ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் ஒன்றில் ஆயுதம் ஏந்திய ஒரு வீரன், அவன் பின்னால் ஒரு நாய். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், வாணகோ அரைசரின் சொந்தத்துக்குள் இருந்த ஒரு தலைவரின் ஆள், எருமைகளைக் காக்கப் போய் இறந்தான் என்கிறது எழுத்து. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அவனுக்குக் காவல் நின்றது என்பதையும் மறக்காமல் செதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் அது.

அந்த வீரன் எந்த நாட்டுக் குடிமகன்? ஆண்டுக் கணக்கு காஞ்சியில் இருக்கும் பல்லவனுடையது. அந்தப் பகுதியில் சொல் செல்வது வாணர் குலத் தலைவர்களுக்கு. அவனுக்குச் சோறு போட்டது வாணர்களுக்குக் கீழே இன்னொரு வீடு. அவன் உயிர் போனதோ ஒரு மந்தைக்காக. நான்கு அடுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே மனிதன்மேல். இதில் எந்த அடுக்குக்கு நிறம் அடிப்பீர்கள்? பல்லவனின் நிறத்தை அடித்தால் மற்ற மூன்றும் மறைந்துபோகும். அந்த நாய் கடித்த கள்ளர்களும் ஏதோ ஓர் அரசனின் ஆண்டைக் கணக்கில் கொண்டவர்கள்தானே. ஒருவேளை அதே பல்லவனுடையதாகக்கூட இருந்திருக்கலாம்.

இன்னும் பின்னால் போனால் சங்கப் பாட்டு. பாரியின் பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரிடம் கபிலர் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த வரி: 'முந்நூறு ஊர்த்தே தண்பறம்பு நன்னாடு, முந்நூறு ஊரும் பரிசிலர் பெற்றனர்.' ஒரு நாட்டின் அளவைச் சொல்ல வந்தவர், எந்த ஆற்றிலிருந்து எந்த மலை வரை என்று சொல்லவில்லை. எத்தனை ஊர் என்று சொன்னார். ஊர்களின் தொகைதான் நாடு. ஊர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டால் நாடும் தீர்ந்தது.

அந்தக் காலத்தில் ஒருவன் தோற்றான் என்பதை எப்படிக் காட்டினார்கள்? அவன் காவல் மரத்தை வெட்டினார்கள், முரசைப் பறித்தார்கள். நன்னனின் காவல் மாமரத்தைக் கோசர் சாய்த்ததைக் குறுந்தொகை சொல்கிறது. ஆநிரையைக் கவர்ந்தால் போர் தொடங்கியது என்று பொருள். அரசின் உயிர் நடுவில் இருந்தது, மரத்திலும் முரசிலும் மந்தையிலும். விளிம்பில் யாரும் அதைத் தேடவில்லை. வடவேங்கடம் தென்குமரி என்று தொல்காப்பியப் பாயிரம் எல்லை சொல்கிறதே என்பீர்கள். அது தமிழ் கூறும் நல்லுலகத்துக்குச் சொன்ன எல்லை, எந்த அரசனுக்கும் சொன்னதல்ல. அந்த நல்லுலகத்துக்குள்ளே மூன்று வேந்தரும் பல வேளிரும் இருந்தார்கள். வேங்கடத்துக்கு அப்பால் மொழி வேறாகிறது என்று பாடிய புலவர்கள், அங்கே ஒரு சாவடி நிற்பதாகப் பாடவில்லை.

அப்புறம் ஒரு வாதம் வரும்: பாவம், அந்தக் காலத்தில் அளக்கத் தெரியாது, அதனால் கோடு போடவில்லை. இதை நான் ஏற்கவே மாட்டேன். முதலாம் ராஜராஜன் காலத்தில் நாட்டையே கோல் கொண்டு அளந்தார்கள். அந்த வேலையைச் செய்த அதிகாரிக்கு உலகளந்தான் என்று பட்டம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால் வேலியை எடுத்து, மாவாக்கி, காணியாக்கி, முந்திரியாக்கி, அதற்கும் கீழே பின்னத்துக்குள் பின்னமாகப் போய் நிலத்தைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கம்.

ஊருக்கு எல்லை வகுத்த விதத்தைப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜயத்து அரசன் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு, ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் இன்று லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றிருக்கின்றன. அரசன் வாயால் சொன்னது ஓலையில் ஏறுகிறது, அதிகாரிகள் கையெழுத்திடுகிறார்கள், ஓலை நாட்டாருக்குப் போகிறது. நாட்டார் எதிர்கொண்டு வாங்கித் தலைமேல் வைக்கிறார்கள். அப்புறம் ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அதன் பின்னால் அதிகாரிகளும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் எல்லையைச் சுற்றி வருகிறார்கள். கிழக்கே இந்த ஊரின் வாய்க்கால், அதற்குத் தெற்கே திரும்பினால் அந்த ஊரின் நிலம், அங்கிருந்து மேற்கே போனால் இன்னொரு வாய்க்கால் என்று ஏடு திருப்பத் திருப்ப எல்லை போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் காலச் செப்பேடுகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர், 'கல்லும் கள்ளியும் நாட்டி' என்பது. திருப்பங்களில் கல்லை நட்டார்கள், பிடுங்க முடியாதபடி கள்ளியை வைத்தார்கள். உடும்பு ஓடுவதும் ஆமை தவழ்வதும் எல்லாம் இதற்குள் அடக்கம் என்றும் எழுதி வைத்தார்கள்.

ஒரு கிராமத்துக்கு இவ்வளவும் செய்த அரசு, தன் ராஜ்ஜியத்தைச் சுற்றி ஒருமுறையாவது யானையை நடக்க விட்டதா? அப்படி ஒரு செப்பேடும் இல்லை. தெரியாமல் விட்டதாக இருக்க முடியாது, தேவைப்படவில்லை. ஊருக்கு எல்லை வேண்டியிருந்தது, ஏனென்றால் வரியும் தண்ணீரும் ஊர்க் கணக்கில் ஓடின. ஒரு வாய்க்கால் எந்த ஊருடையது என்று தெரியாவிட்டால் மறுநாளே வெட்டுக்குத்து. ராஜ்ஜியத்துக்கு வேண்டியிருந்தது ஊர்கள், ஆட்கள், திறை, சாலை, கோயிலில் தன் பெயர் சொல்லும் ஒரு கல்வெட்டு. கடைசி ஊரைத் தாண்டினால் காடு. காட்டுக்கு நடுவில் எங்கே முடிகிறோம் என்று யாருக்கும் கவலை இல்லை.

இந்த ஓர் உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டாலே உங்கள் நாவல் மாறிவிடும். ஊருக்கு எல்லை உண்டு, அரசுக்கு இல்லை.

சரி, அப்படியானால் ஓர் ஊர் யாருக்குச் சொந்தம் என்று அந்த ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? ஆண்டுக் கணக்கை வைத்துத்தான். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேலேயே விழுந்து மடிந்தான். அதன் பிறகு தொண்டை மண்டலத்துக் கோயில் சுவர்களைப் படித்துக்கொண்டே போனால், பரகேசரி வர்மனுக்கு யாண்டு இத்தனை என்று எழுதியவர்கள், 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவற்கு யாண்டு' என்று எழுதத் தொடங்கியிருப்பது தெரியும். கன்னரதேவன் என்றால் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அதே கோயில், அதே நந்தா விளக்குக்கு அதே கணக்கில் சாவா மூவாப் பேராடு தொண்ணூறு, சில இடங்களில் அதே சபையார். ஆண்டு மட்டும் வேறு. ஏறக்குறைய இருபது வருடம் இப்படி ஓடியது. பிறகு சோழர் திரும்பி வந்தார்கள், மறுபடியும் சோழனின் ஆண்டு.

கொஞ்சம் யோசியுங்கள். சபை கூடியிருக்கிறது. ஒரு மூதாட்டி விளக்கெரிக்க ஆடுகள் கொடுக்க வந்திருக்கிறாள். கல்தச்சன் உளியை எடுத்தவன் நிறுத்திக் கேட்கிறான்: யார் பெயரில் ஆண்டு போடுவது? வடக்கிலிருந்து வந்த கன்னரதேவன் படை திரும்பிப் போய்விட்டது என்று ஒரு பேச்சு, இல்லை இன்னும் காஞ்சியில்தான் இருக்கிறது என்று இன்னொரு பேச்சு. தவறான பெயரைக் கல்லில் வெட்டிவிட்டால் அழிக்க முடியாது. இந்த ஒரு காட்சியில் ஒரு நாவலே இருக்கிறது. இதை விட்டுவிட்டு நீங்கள் சாவடிக் காவலனிடம் மோதிரம் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் 1231இல் தன் மேலரசனான மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். அவனை மீட்க வந்தது யார்? கன்னட தேசத்து ஹொய்சளர். அவர்களின் தண்டநாயகர்கள் எந்தெந்த ஊரை அழித்து எப்படிச் சோழனை விடுவித்தார்கள் என்பது கடலூர் அருகே திருவஹீந்திரபுரம் கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. அப்புறம் ஹொய்சள சோமேசுவரன் திருவரங்கத்துக்குப் பக்கத்திலேயே, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில், தலைநகர் போட்டு உட்கார்ந்துவிட்டான். சோழ நாட்டின் நடுவே, காவிரிக்கு ஒரு நாள் நடைக்கும் குறைவான தூரத்தில், ஹொய்சளன் அரசிருக்கை. சோழனும் இருக்கிறான், ஹொய்சளனும் இருக்கிறான், தெற்கே பாண்டியன் எழுந்துகொண்டிருக்கிறான், சிறை வைத்த கோப்பெருஞ்சிங்கனும் அதன் பிறகும் பல்லாண்டு அரசாள்கிறான். இதற்கு வரைபடம் போட்டுப் பாருங்கள். எந்தப் பென்சிலாலும் முடியாது. நாவல் எழுதிப் பாருங்கள், அள்ள அள்ள வரும்.

கடாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராஜேந்திரன் 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்து அரசனைப் பிடித்ததும், அவன் நகரத்து விச்சாதிரத் தோரணத்தைக் கொண்டு வந்ததும் மெய்க்கீர்த்தியில் இருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய கடலோடித் திறன், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு படையெடுப்பை வைத்து, கங்கைக் கரையிலிருந்து மலேயா, சுமத்ரா வரை ஒரே நிறத்தில் பூசிய சோழப் பேரரசு வரைபடம் ஊரெல்லாம் சுற்றுகிறது. உங்கள் நாவல் அட்டைகளிலும் அதுதான். மெய்க்கீர்த்தி என்பது வென்ற இடங்களின் பட்டியல், ஆண்ட இடங்களின் பட்டியல் அல்ல. கங்கைக்குப் போன படை கொண்டு வந்தது தண்ணீர். அந்தத் தண்ணீரை வைத்துச் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டி, அதை நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேட்டில் எழுதினார்கள். வங்காளத்தில் வரி வசூலித்ததாக எழுதவில்லை.

ஈழம் வேறு கதை. அங்கே பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் ஆக்கி, சோழர் ஆண்டில் கல்வெட்டு வெட்டி, ஈழத்து ஊர்களிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நிவந்தம் வரும்படி செய்தார்கள். அங்கேயும் தெற்கே ரோகணம் முழுசாக அடங்கவில்லை. ஈழத்துக்கும் கடாரத்துக்கும் ஒரே நிறம் பூசினால், அறுபது எழுபது வருடம் ஆண்டதும் ஒருமுறை போய் வந்ததும் ஒன்றாகிவிடும். நம் முன்னோர் செய்ததை மதிக்கிறவர்கள் இதைச் செய்யக் கூடாது.

அதே கடாரத்துப் பக்கம், பிற்காலத்தில் கெடா என்று பெயர் பெற்ற சுல்தானகம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த பூமரங்களைச் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சயாம் அதைத் திறை என்றது. கெடா அதை நட்பின் அடையாளம் என்றது. ஒரே பூமரம், அனுப்புகிறவருக்கு ஓர் அர்த்தம், வாங்குகிறவருக்கு ஓர் அர்த்தம். இரண்டு பேரும் அதைத் தெளிவாக்கிக்கொள்ள அவசரப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்போடிய அரசர்கள் சயாமுக்கும் வியட்நாமுக்கும் ஒரே சமயத்தில் திறை அனுப்பினார்கள். இரண்டு யானைகளுக்கு நடுவில் இருக்கும் சிறிய அரசு வேறு எப்படிப் பிழைக்கும்?

இப்போது நம் கதைகளின் துரோகிகளிடம் வருகிறேன். எத்தனை நாவல்களில் படித்திருப்போம்: நேற்று வரை சோழனுக்குத் திறை கட்டிய சிற்றரசன் இன்று பாண்டியனோடு ஓலை பரிமாறுகிறான், உடனே அவன் நாட்டைக் காட்டிக்கொடுத்த கயவன், கடைசி அத்தியாயத்தில் நாயகன் வாளால் சாக வேண்டியவன். எந்த நாட்டைக் காட்டிக்கொடுத்தான்? அவனுக்கு நாடு என்பது அவன் முந்நூறு ஊரோ முப்பது ஊரோதான். சோழனிடம் அவனுக்கு இருந்தது ஓர் உறவு. திறை, பெண் கொடுத்தல், படைக்கு ஆள் அனுப்புதல், பதிலுக்குப் பாதுகாப்பு. பாதுகாப்பு வரவில்லை என்றால் உறவு முடிந்தது. தன் ஊர்கள் எரியாமல் இருக்க இரண்டு பக்கமும் ஓலை அனுப்பியவனை, அவன் நிலையில் நின்று எழுதிப் பாருங்கள். வாணர், அதியமான்கள், மழவராயர், சம்புவராயர், கொங்குநாட்டுத் தலைவர்கள் என்று நடுவில் இருந்த அத்தனை பேரும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். மூவேந்தர் கதை போதும் போதும் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

சாவடிக் காட்சியும் முழுப் பொய் இல்லை. சாவடி இருந்தது, ஆனால் இருந்த இடம் வேறு. சுங்கம் வாங்கியது பெருவழியில், சந்தையில், துறைமுகத்தில். பொருள் நகரும் இடத்தில் அரசு கை நீட்டியது. சுங்கம் தவிர்த்த சோழன் என்று முதலாம் குலோத்துங்கனுக்குப் பெயர் வந்ததென்றால், அந்தக் கை எவ்வளவு கனமாக இருந்திருக்க வேண்டும்! ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தங்கள் சொந்த வீரர்களோடு ராஜ்ஜியம் ராஜ்ஜியமாகப் போனார்கள். தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம், ஈழம் எங்கும் அவர்கள் கல்வெட்டு இருக்கிறது. சுமத்ராவின் பாரூஸ் பக்கம் 1088இல் தமிழில் ஒன்று வெட்டி வைத்திருக்கிறார்கள். யாருடைய குடிகள் அவர்கள்? எல்லா அரசனோடும் கணக்கு வைத்துக்கொண்டவர்கள் என்றுதான் சொல்ல முடியும்.

பாளையக்காரர் காலத்தில் இது இன்னும் வெளிப்படை. திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமம் நவாபின் சர்க்காருக்கு நிலவரி கட்டும். அதே கிராமம் பக்கத்துப் பாளையக்காரருக்குத் திசைக்காவல் பணமும் கட்டும். பாளையத்துக்கு வெளியே இருந்தாலும் காவல் அவருடையது. களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். ஒரே ஊர்மேல் இரண்டு அதிகாரம், இரண்டும் முறையானது. கும்பெனிக்கு இது பொறுக்கவில்லை. பாளையக்காரர் போர்கள் முடிந்த கையோடு அவர்கள் இந்தக் காவல் உரிமையை எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் பணம் மட்டுமில்லை. ஓரிடத்துக்கு ஓர் அதிகாரம் என்ற அவர்களின் எண்ணமும் இருந்தது.

அந்த எண்ணத்தோடு கோடும் வந்தது. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே, கும்பெனியின் நில அளவை அதிகாரி லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அவரது அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சேதமானது. வேலியைப் பின்னமாக்கிப் பின்னமாக்கி எழுதிய அதே கோயில். கீழே சுவரில் ஊர் ஊராக எண்ணிய அரசு, மேலே விமானத்தில் தேசம் முழுவதையும் முக்கோணங்களாக்கும் அரசு. இரண்டுக்கும் நடுவில் எண்ணூறு வருடம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

ஐரோப்பாவிலும் கோடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிரான்சும் ஸ்பெயினும் 1659இல் பிரனீஸ் ஒப்பந்தம் போட்டதைத் தொடர்ந்து, மறு ஆண்டில் செர்தான்யாப் பள்ளத்தாக்கில் 33 கிராமங்கள் பிரான்சுக்கு என்று முடிவானது. லீவியாவை ஸ்பெயின் விடவில்லை, அது கிராமம் அல்ல, நகரம் என்றார்கள். இன்றைக்கும் லீவியா பிரான்சுக்கு நடுவில் ஸ்பெயினாக இருக்கிறது. அந்தப் பக்கம் எல்லைக் கற்களை வரிசையாக நட்டது 1860களில்தான், இருநூறு வருடம் கழித்து.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், புதுச்சேரியில் விழுப்புரம் பேருந்தில் ஏறுங்கள். வில்லியனூர் தாண்டிக் கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடி புதுச்சேரி. அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. சாலையோர மதுக்கடைகளே சொல்லிவிடும், எங்கே இருக்கிறோம் என்று. பிரெஞ்சுக்காரர்கள் கோடு போட்டு வாங்கவில்லை, ஊர் ஊராக வாங்கினார்கள். வில்லியனூரும் பாகூரும் 1749இல் சந்தா சாகிபு கொடுத்தவை. பாரியின் முந்நூறு ஊர்க் கணக்கு மாதிரி ஒரு கணக்கு, அது நவீன அரசின் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டபோது இப்படித் துண்டு துண்டானது.

வங்காளத்தின் வடக்கே உள்ள கூச் பிகாரில் இதுவே துயரமானது. முகலாயர் பக்கத்து வருவாய்க் கிராமங்களும் கூச் பிகார் ராஜாவின் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. இருநூறு வருடம் யாருக்கும் பெரிய இடைஞ்சல் இல்லை, வரி மட்டும் வேறு வேறு இடத்துக்குப் போனது. 1947க்குப் பிறகு அதே கிராமங்கள் அயல் நாட்டுக்கு நடுவில் தீவுகளாயின. இந்தியாவுக்குள் வங்கதேசம், அதற்குள் இந்தியா. தஹாலா காக்ராபாரி என்ற வயல் அதற்கும் ஒரு படி மேலே: வங்கதேசத்துக்குள் இந்தியா, அதற்குள் வங்கதேசம், அதற்குள் இந்தியா. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பள்ளி, மின்சாரம், காவல் நிலையம் எதுவும் முறையாக இல்லாமல், வீட்டை விட்டுச் சந்தைக்குப் போவதே சட்டப்படி குற்றம் என்ற நிலையில் அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் 162 துண்டுகளும் கைமாறின. பழைய ஏற்பாட்டின்மேல் புதுக் கோட்டைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் கோடு போட்டார்கள். 1956, பிறகு திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்த 1960. திருத்தணிப் பிரிவினைக்கு நடுவராக இருந்த படாஸ்கர் வைத்த அளவுகோலில் முக்கியமானது, கிராமத்தை அலகாகக் கொள்வது. ராஜராஜனின் யானை சுற்றி வந்த அதே அலகு. எந்த ஊரில் எந்த மொழி பேசுகிறவர் அதிகம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுத்தார்கள். எந்த அரசன் எது வரை ஆண்டான் என்று பார்த்திருந்தால் சண்டை இன்றைக்கும் ஓயாது. ஆனால் இன்று சமூக வலைத்தளங்களில் நடப்பது அந்தச் சண்டைதான். தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளிகள் ஆளுக்கொரு நிறம் பூசிய வரைபடத்தை நீட்டி, உங்கள் ஊர் எங்கள் அரசனுடையது என்று வைது கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் கல்வெட்டு படித்து இதற்கு வரவில்லை. உங்கள் அட்டைப்படத்தையும் முன்பக்க வரைபடத்தையும் பார்த்து வந்தார்கள். இதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1947ஐ, 1956ஐ எழுதுகிறவர்கள் கோட்டை எழுதியே ஆக வேண்டும், அழுத்தமாகவே எழுதுங்கள். இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்து ராட்கிளிஃப் வரைந்த கோடு சுதந்திரத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியே வந்தது. தாங்கள் எந்த நாட்டில் விடுதலை அடைந்தோம் என்று தெரியாமல் இரண்டு நாள் கொண்டாடிய ஊர்கள் இருந்தன. அந்தக் கோடு அந்தக் காலத்துக்கு உரியது. அதை ஆயிரம் வருடம் முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கற்பனை உலகம் படைக்கிற இளைஞர்களிடம் தனியாக ஒரு சொல். உங்களுக்குச் சான்றுகளின் கட்டுப்பாடு இல்லை. அப்படியிருந்தும் உங்கள் உலகங்களில் ஐந்து ராஜ்ஜியம், ஐந்து நிறம், ஐந்து கோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு கொடி. உங்கள் உலகத்து ஓர் ஊரை எடுத்துக்கொண்டு கேளுங்கள்: இங்கே ஆண்டை யார் பெயரில் எண்ணுகிறார்கள், நெல் யார் களஞ்சியத்துக்குப் போகிறது, மாடு களவு போனால் யாரிடம் முறையிடுகிறார்கள், போர் வந்தால் பிள்ளையை யார் படைக்கு அனுப்புகிறார்கள். நாலுக்கும் ஒரே பதில் வந்தால் இன்னொரு தடவை யோசியுங்கள். நாலுக்கும் வேறு வேறு பதில் வரும் ஊரில்தான் கதை இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது அரசனின் கை எட்டாத ஊர், அறுவடை முடிந்ததும் எட்டும் ஊர் என்று ஒன்றைப் படைத்துப் பாருங்கள்.

வரைபடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அது பிடிக்கும், படிக்கும்போது பத்துத் தடவையாவது திருப்பிப் பார்ப்பேன். பெருவழிகளைப் போடுங்கள், துறைமுகங்களைப் போடுங்கள், சுங்கம் வாங்கும் இடங்களை, கோயில்களை, ஏரிகளை, காட்டைப் போடுங்கள். அரசர்களின் பெயரை அவர்கள் தலைநகரத்தின் மேல் எழுதுங்கள். இரண்டு பேருக்குத் திறை கட்டும் தலைவனின் ஊருக்கு இரண்டு குறியையும் வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது பழைய நாவல்களின் வரைபடத்தையும் இப்படி மாற்ற முடியுமா என்று உங்கள் பதிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். புதுப் பதிப்பை வாங்க என்னைப் போலப் பலர் இருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்